இடது சக்கரத்து நட்டு

நவமணிக்கு இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அவள் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிடும்.

ஊருக்குள் இந்தக் குறை கிடையாது. டத்தோ கிராமாட் ரோட்டு வீட்டிலிருந்து ரிக்‌ஷாவில் ஏறினால் பினாங்கு டவுனின் எந்தச் சந்துக்கும் அரைமணி நேரத்தில் போய்விடலாம். ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்கிய மருத்துவச்சி அவள். ஊரே அவளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டது. தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று நானூறு குழந்தைகளுக்கு மேல் அவள் கையில் வந்து விழுந்திருந்தன. ஆனால் தீவின் தெற்கே தெலுக் கும்பார் பக்கமிருந்து ஆள் வந்தால் அது வேறு கதை. பாதி வழிக்கு பஸ், அதுவும் ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். மீதி வழிக்கு மாட்டு வண்டி. வேர்த்து விறுவிறுத்து, பெட்டியும் கையுமாக அவள் படியேறும்போது உள்ளே குழந்தை அழுதுகொண்டிருக்கும். போன வருஷம் அந்தப் பக்கத்தில் பதினோரு பிரசவம். அதில் ஏழு குழந்தைகள் அவளுக்காகக் காத்திருக்கவில்லை.

அதிலும் சபூராவின் பிரசவத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தூக்கம் வராது. சபூரா பக்கத்து வீட்டு ரோஹானாவின் அக்கா. தெலுக் கும்பாரில் ஒரு மீன்பிடிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நவமணி அங்கே போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தாய் இரத்தமெல்லாம் போய் வெளுத்துக் கிடந்தாள். பிழைத்தது தெய்வச் செயல். யாரும் நவமணியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளேதான் தன்னைச் சொல்லிக்கொண்டாள். இப்போது சபூராவுக்கு மறுபடியும் மாதம் நிறைந்துகொண்டிருந்தது.

இதற்காகத்தான் மோட்டார் வாங்கியது. 1934-ஆம் வருஷம், ஜனவரி மாதம். புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில் தோட்டத்து டாக்டராக இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. இரண்டு கதவு, நாலு பேர் நெருக்கி உட்காரலாம். வாங்கியவர் நவமணியின் கணவர் ஜெயராஜ். ஓட்டப்போகிறவள் நவமணி. ஏனென்றால் ஜெயராஜ் சிநேகிதர் ஒருவரின் வண்டியை வாங்கிக்கொண்டு லைசென்ஸ் சோதனைக்கு இரண்டு முறை போனவர். முதல் முறை வண்டியைச் சாலையோரத்து லொங்கானுக்குள் இறக்கினார். சாக்கடை ஆழம் அதிகமில்லை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. இரண்டாம் முறையும் அதே லொங்கான்தான். அதற்குப் பிறகு, "ஓட்டறது என்ன பெரிய காரியம், வண்டியைப் பராமரிக்கிறதுதான் காரியம்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அவர் தந்தி ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. பாளையங்கோட்டையில் மெட்ரிகுலேஷன் முடித்து, பதினோரு வருஷத்துக்கு முன்னால் கப்பலேறி வந்தவர். இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. லண்டனிலிருந்து வரும் தந்தியில் ஒரு எழுத்தைக்கூடத் தவறவிட மாட்டார் என்று ஆபீஸில் பெயர். மலாய்தான் வரவில்லை. பசாரில் மீன் விலை கேட்கிற அளவோடு அது நின்றுவிட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்த நவமணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மனுஷன் காதில் ஏறினால்தானே! மலாய்க்காரர் பேச்சில் புரியாத வார்த்தை ஏதாவது வந்தால் அதை இங்கிலீஷ் என்று வைத்துக்கொள்வது அவர் பழக்கம். பாதி நேரம் அது சரியாகவே அமைந்துவிடும். அதனால் பழக்கமும் போகவில்லை.

வண்டி வந்த அன்று நவமணி வீட்டில் இல்லை, ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தாள். டாக்டரின் மலாய் டிரைவர் கடலைக் கடக்கிற பெர்ரியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் போகிற பெர்ரியைப் பிடிக்க ஓட்டமாக ஓடினானாம். ஓடுவதற்கு முன்னால் முன்பக்கத்து இடது சக்கரத்தைத் தட்டி, கையை ஒரு மாதிரி முறுக்கிக் காட்டி, "கிரி லைன், துவான்" என்று மரியாதையாகச் சொன்னானாம்.

"கிரின்னா இடது. இடது சக்கரத்துல லைன் சரியில்ல, நேரா ஓடலன்னு சொல்றான்" என்று ஜெயராஜ் அன்று சாயங்காலம் மனைவிக்கு விளக்கினார். "நேர்மையான மனுஷன் நவமணி. விக்கிற வண்டியில குறை இருக்குன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுப் போறான் பாரு."

நவமணியும் நல்ல மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டாள். இங்கிலீஷ் விஷயத்தில் அவள் கணவரைச் சந்தேகித்தது கிடையாது.

எதிர் வீட்டு வேலு ஒரு ரப்பர் ஸ்டோரில் லாரி ஓட்டுகிறவர். அவர்தான் விடிகாலையில் கடற்கரைத் திடலுக்குக் கூட்டிப்போய் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். மூன்று வாரத்தில் நவமணி கியர் மாற்றுவதும் பின்னால் எடுப்பதும் படித்துவிட்டாள். "கிராணி ஐயாவவிட மிஸ்ஸி தேவலாம்லா" என்று வேலு சொன்னார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அவளுக்கு விளங்கவில்லை. சோதனைக்குத் திங்கட்கிழமை காலை பத்து மணி என்று நாள் குறித்து வந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான். சபூராவின் குழந்தை மூன்று மாதம் பொறுக்காது.

அந்தத் திங்கட்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது இடது சக்கரம் உறும ஆரம்பித்தது. முதலில் ஒரு முனகல். பிறகு மாவு அரைக்கிற சத்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவே திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தத்தோடு போனால் அதிகாரி வண்டியில் ஏறவே மாட்டார் என்று வேலு அடித்துச் சொல்லிவிட்டார்.

வேறு சமயமாக இருந்தால் பட்டறையில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். ஆனால் சீனப் புத்தாண்டு பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தெருவெல்லாம் வெடித்த பட்டாசுக் காகிதம் சிவப்பாகக் கிடந்தது. ஊரில் இருந்த பட்டறைக்காரர்கள் எல்லாரும் சீனர்கள். ஒன்பதாம் நாள் பூசை முடியாமல் ஒருவரும் கதவைத் திறக்கப்போவதில்லை.

"அன்னிக்கே டிரைவர் சொன்னான், லைன்னு" என்றார் ஜெயராஜ். அவர் முகத்தில் கவலையே இல்லை. பிரகாசமாகத்தான் இருந்தது. "லைன் போனதால பேரிங் தேஞ்சிருக்கு. நானே மாத்திடறேன். இது என்ன பிரம்ம வித்தையா?"

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த ராவுத்தர் கடையில் புது பேரிங் வாங்கி வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். கை பழக வேண்டும் என்று முதலில் வலது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"கேட்டுக்கோ நவமணி. நட்டை இடப்பக்கம் திருப்பினா கழலும். வலப்பக்கம் திருப்பினா இறுகும். உலகம் பூரா இதுதான் சட்டம்."

சட்டம் வேலை செய்தது. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை எடுத்து, நடுவிலிருந்த தகரக் குல்லாயைத் தட்டி எடுத்து, நட்டுக்குக் குறுக்கே செருகியிருந்த பின்னை உருவி, ஸ்பேனரைப் போட்டு இடப்பக்கம் ஒரு இழுப்பு. நட்டு வெண்ணெயாகக் கழன்று வந்தது. கால் மணி நேரத்தில் கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டியும் விட்டார். நவமணிக்கே ஆச்சரியமாக இருந்தது. காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் குடித்த தோரணையைப் பார்த்தால் அந்த மோட்டாரைச் செய்தவரே அவர்தான் போலிருந்தது.

பிறகு இடது பக்கம் வந்தார். சக்கரம் வந்தது. குல்லாய் வந்தது. பின்னும் வந்தது. நட்டில் ஸ்பேனரைப் போட்டு இடப்பக்கம் இழுத்தார். ஒரு நூல் அளவு அசைந்தது.

"அசையுது, அசையுது!" என்று கத்தினார்.

அதோடு சரி. அதற்கப்புறம் அசையவில்லை.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார்கள். அசையவில்லை. தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள். ஸ்பேனர் வழுக்கி ஜெயராஜின் விரல் முட்டிகள் உரிந்தன. நவமணி டிங்சர் தடவிக் கட்டுப்போட்டாள். கட்டோடு மறுபடியும் இழுத்தார். சாயங்காலம் வேலு ஒரு நீளமான தண்ணீர்க் குழாயோடு வந்து சேர்ந்தார். குழாயை ஸ்பேனரின் பிடியில் செருகி, நீண்ட கைப்பிடியாக்கி, இரண்டு ஆண்களும் சேர்ந்து தொங்கினார்கள். வேலு ஆள் நல்ல கனம். ஜாக்கி முனகியது, வண்டி ஆடியது. நட்டு மட்டும் கல்லுப் பிள்ளையாராக இருந்தது.

"துரு புடிச்சிருக்கு கிராணி. இது இன்னிக்கு நேத்து துரு இல்ல" என்றார் வேலு.

"நீங்க லாரி ஓட்டறவர்தானே, இதெல்லாம் பாத்திருப்பீங்களே?" என்று நவமணி கேட்டாள்.

"நமக்கு ஓட்டத்தான் தெரியும் மிஸ்ஸி. நட்டுப் போல்ட்டுக்கெல்லாம் கம்பெனியில சீன மெக்கானிக் இருக்காரு. அவரு இப்ப புத்தாண்டு கொண்டாடுறாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெருப்பு வைத்தியம் நடந்தது. சமையல்கட்டு அடுப்பில் ஓர் இரும்புத் துண்டைப் பழுக்கக் காய்ச்சி நட்டின்மேல் வைத்தார்கள். கிரீஸ் புகைந்து வீடெல்லாம் நாறியது. சோறு ஒரு மணி நேரம் தாமதமானது. நட்டு சூடானது, அவ்வளவுதான். மறுபடியும் குழாயைச் செருகி, இடப்பக்கம் இழுத்தார்கள். மறுபடியும் இடப்பக்கம்.

நவமணி ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று இருந்த நம்பிக்கை அவளுக்கு இன்று இல்லை. மூன்று காலில் நிற்கிற வண்டியைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. நாளைக் காலை பத்து மணி. அதற்கப்புறம் மூன்று மாதம். சபூராவின் வெளுத்த முகம் கண்முன்னால் வந்தது.

"எத்தனை தடவதான் அதே பக்கம் இழுப்பீங்க?" என்று கேட்டே விட்டாள். "வராத புள்ளைய நான் இப்படிப் புடிச்சு இழுக்க மாட்டேன். எப்படிக் கெடக்குன்னு முதல்ல கை வச்சுப் பாப்பேன்."

"இது புள்ளை இல்ல நவமணி, நட்டு" என்றார் ஜெயராஜ். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. "நட்டுக்குப் போற பாதை ஒண்ணுதான்."

"அதான் போகலியே!"

"போகும். போக வச்சுடறேன்."

பிடிவாதத்தில் அந்த நட்டுக்கும் தன் கணவருக்கும் யார் பெரியவர் என்று நவமணிக்குத் தீர்மானிக்க முடியவில்லை. கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டு முறை லொங்கானில் விழுந்த மனுஷன். இந்த ஒரு சக்கரத்தையாவது தன் கையால் சரிசெய்து மனைவியை அனுப்பிவைக்க நினைக்கிறார். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு வேலு உளியும் சம்மட்டியும் எடுத்து வந்தார்.

"வேற வழியே இல்லலா. நட்டை ரெண்டாப் பொளந்து எடுத்துடுவோம்."

"பொளந்துட்டா, வேற நட்டு?"

"அதுக்குக் கடை தொறக்கணும்."

"அப்ப நாளைக்கு எப்படிப் போறது?"

வேலு தலையைச் சொறிந்தார். ஜெயராஜ் உளியை வாங்கி நட்டின் பக்கவாட்டில் வைத்துவிட்டார். கழலாத நட்டை விடப் பிளந்த நட்டே மேல் என்ற நிலைக்கு அவர் வந்துவிட்டிருந்தார். வேலு சம்மட்டியை ஓங்கினார்.

"மிஸ்ஸி!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

வேலு கையை இறக்கினார். ரோஹானா ஒரு தட்டில் சூடாக பீசாங் கோரெங் எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி வந்தாள். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது. தெலுக் கும்பாரிலிருந்து ஆள் வந்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். அக்காவுக்கு வயிறு இறங்கிவிட்டதாம், இந்த வாரமே ஆனாலும் ஆகுமாம். "மிஸ்ஸி மோட்டாரில் வந்துவிடுவார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்" என்று மலாயில் சந்தோஷமாகச் சொன்னாள். அப்புறம்தான் வண்டி நிற்கிற கோலத்தைப் பார்த்தாள். உளியைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

வலது சக்கரம் சுலபமாக வந்துவிட்டது, இடது அப்படியில்லை, வேறு மாதிரியாக இருக்கிறது என்று நவமணி மலாயிலேயே சொன்னாள்.

"கானான் செனாங் சஜா, ரோஹானா. கிரி லாயின்."

"பாத்தியா!" என்று ஜெயராஜ் உளியோடு துள்ளி எழுந்தார். "நீயே சொல்றே பாரு, கிரி லைன்! இதைத்தானே நான் ஒரு மாசமாச் சொல்றேன். அந்த டிரைவர் சொன்னதும் இதேதான், அச்சு அசல் இப்படியேதான் சொன்னான்!"

நவமணி அவரைப் பார்த்தாள். பிறகு ரோஹானாவைப் பார்த்தாள். ரோஹானாவுக்குத் தமிழ் தெரியாது. ஒன்றும் புரியாமல் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, நான் என்ன சொன்னேன்?"

"கிரி லைன்."

"லைன் இல்லீங்க. லாயின். லாயின்னா மலாயில வேறன்னு அர்த்தம். இடது வேற மாதிரின்னு சொன்னேன்."

ஜெயராஜ் சக்கரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அந்த டிரைவர் கையை எப்படி முறுக்கிக் காட்டினான்? காட்டுங்க."

அவர் உளியைக் கீழே வைத்தார். கட்டுப் போட்ட கையைக் காற்றில் தூக்கி, ஸ்பேனரைப் பிடித்த மாதிரி முறுக்கிக் காட்டினார். கை வலப்பக்கமாகத் திரும்பியது. திரும்பிய கையை அவரே ஏதோ அந்நியன் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இன்னும் ஏதாவது சொன்னானா?"

"'இங்காட்'னு சொன்னான். சலாம் மாதிரி ஏதோன்னு நெனச்சு நானும் திருப்பி 'இங்காட்'னு சொன்னேன்."

"ஞாபகம் வச்சுக்கோங்கன்னு சொல்லியிருக்கான்!"

வேலுவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கத் தெரியாத ஆள் அவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் போய் உட்கார்ந்துவிட்டார். நவமணி சிரித்துக்கொண்டே ரோஹானாவிடம் விஷயத்தைச் சொல்ல, அவளும் தட்டு ஆட ஆடச் சிரித்தாள். இடது பக்கத்து நட்டுக்கு எதிர் மரை. வண்டி ஓடுகிறபோது சக்கரம் சுற்றுகிற வேகத்தில் தானாகக் கழன்றுவிடக்கூடாது என்று, வண்டியைச் செய்தவன் அந்தப் பக்கத்துக்கு மட்டும் மரையைத் திருப்பி வெட்டியிருக்கிறான். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து இரண்டு ஆண்பிள்ளைகள், ஒரு குழாய், அரைப் போத்தல் தேங்காயெண்ணெய், சமையல்கட்டு நெருப்பு எல்லாம் சேர்ந்து அந்த நட்டை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஜெயராஜ் மட்டும் சிரிக்கவில்லை. கிணற்றடிக்குப் போனார். கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டோமோ என்று நவமணி வருத்தப்பட்டாள். தவறை ஒப்புக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கல்யாணமான ஏழு வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. இனி இரண்டு நாளைக்கு வீட்டில் பேச்சே இருக்காது என்று நினைத்தாள்.

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"தந்தியில ஒரு வார்த்தை தெளிவா இல்லேன்னா என்ன செய்யணும் தெரியுமா?" என்றார் பொதுவாக எல்லாரையும் பார்த்து. "அனுப்பினவனைத் திரும்பச் சொல்லச் சொல்லணும். ஊகிக்கவே கூடாது. புதுசா வர்ற பசங்களுக்கு நான்தான் இதைச் சொல்லித் தர்றேன். அந்த டிரைவரை நான் திரும்பக் கேக்கல. தப்பு என்னுதுதான், நவமணி."

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். நவமணிக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வேலுவும் ரோஹானாவும் நின்றதால் ஒரு பீசாங் கோரெங்கை எடுத்து அவர் கையில் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆனால் நட்டு இன்னும் கழலவில்லை. இறுக்கியது லேசாகவா இறுக்கினார்கள்? வேலு குழாயைச் செருகினார். இந்த முறை வலப்பக்கம். மூன்று பேரும் பிடித்தார்கள். நவமணியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயின் நுனியைப் பிடித்தாள். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. லாயின் என்பதற்கு வேறு ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று ஜெயராஜ் சந்தேகமாகக் கேட்டார். "இழுங்க முதல்ல" என்றாள் நவமணி. மூன்றாவது இழுப்பில் 'படக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவராகப் பட்டாசுக் காகிதத்தில் விழுந்தார்கள்.

ஸ்பேனர் உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். பார்த்தால், நட்டு கால்வாசி சுற்று திரும்பியிருந்தது. அதற்குமேல் விரலாலேயே கழற்றிவிட்டார் ஜெயராஜ். உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார். அதன் முகத்தில் கிரீஸைத் துடைத்ததும் ‘எல்’ என்று லெஃப்டைக் குறிக்கிற ஓர் எழுத்து தெரிந்தது. "இதையாவது படிச்சிருக்கலாம். இது இங்கிலீஷ்தானே" என்று அவரே சொன்னதால் வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பழைய பேரிங்கில் ஒரு குண்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது. சத்தத்துக்குக் காரணம் அதுதான். லைன் எந்தக் கோளாறும் இல்லாமல் நேராக இருந்தது. புதியதைப் போட்டு, கிரீஸ் அப்பி, பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் மாட்டியாயிற்று. மாட்டும்போது ஜெயராஜ் ஒவ்வொரு தடவையும் ஸ்பேனரை வைத்துவிட்டு, "இப்ப எந்தப் பக்கம்?" என்று மனைவியைக் கேட்டார். அவளும் சளைக்காமல் சொன்னாள். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டபோது அது சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை சோதனை அரைமணி நேரம் நடந்தது. அதிகாரி ஏறும்போதே ஒரு மாதிரியாகத்தான் ஏறினார். சேலை கட்டிக்கொண்டு ஓட்டுகிறவளை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. சந்தைத் தெரு நெரிசலில் ஓட்டச் சொன்னார். ரிக்‌ஷாக்காரர்களுக்கு நடுவில் பின்னால் எடுக்கச் சொன்னார். திடீரென்று நிறுத்தச் சொன்னார். நவமணி எல்லாம் செய்தாள். ஜெயராஜின் அந்த லொங்கானைத் தாண்டும்போது மட்டும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இறங்கும்போது அதிகாரி, வண்டி நன்றாக ஓடுகிறதே, எந்தப் பட்டறையில் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். "என் வீட்டுக்காரர்தான் பார்க்கிறார்" என்று அவள் இங்கிலீஷில் சொன்னாள். வெளியே மரத்தடியில் நின்றிருந்த ஜெயராஜுக்கு அது காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் அவளும் சத்தமாகச் சொன்னாள்.

புதன்கிழமை காலையில் ஆள் வந்துவிட்டது. சபூராவுக்கு இடுப்பு வலி. ஜெயராஜ் ஆபீஸுக்குப் போயிருந்தார். நவமணி பெட்டியை எடுத்துப் பின்னால் வைத்தாள், ரோஹானாவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டாள், கிளம்பிவிட்டாள். பஸ் நிறுத்தத்தைத் தாண்டினாள். அங்கே ஆள் நிரம்புவதற்காகப் பஸ் நின்றுகொண்டிருந்தது. மாட்டு வண்டி பிடிக்கிற இடத்தைத் தாண்டினாள். வயல்களையும் தென்னந்தோப்புகளையும் தாண்டினாள். ரோஹானா வழி நெடுக எதையோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டே வந்தாள். அக்காவுக்காகவா, ஓட்டுகிற வேகத்துக்காகவா என்று நவமணி கேட்டுக்கொள்ளவில்லை.

கம்பம் என்கிற அந்த மலாய்க் கிராமத்துக்குள் நுழைந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காதைக் கூர்மையாக்கினாள். கடல் சத்தம் கேட்டது. எங்கோ கோழி கேறியது. குழந்தை அழும் சத்தம் மட்டும் இல்லை. பெட்டியோடு இறங்கி ஓடினாள்.

சபூரா மரப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மிஸ்ஸி! அதற்குள்ளேயா?" என்று அவள் வெட்கத்தோடு எழுந்தாள். வலி வந்தது உண்மைதானாம். வந்து, நின்றுபோய்விட்டதாம். அநியாயமாக மிஸ்ஸியை அலைய வைத்துவிட்டேனே என்று வருத்தப்பட்டாள்.

நவமணி அவளைப் படுக்க வைத்துப் பார்த்தாள். குழந்தை சரியாகத்தான் கிடந்தது. இன்றைக்குப் பிறந்துவிடும், ஆனால் மத்தியானம் தாண்டும். வேறு மருத்துவச்சியாக இருந்தால் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருப்பாள். நவமணி போகவில்லை. தண்ணீர் காய வைக்கச் சொன்னாள். துணிகளை எடுத்து அடுக்கினாள். கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்தாள். எல்லாம் ஆனபிறகும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நேரம் கிடந்தது. தெற்குப் பக்கத்தில் இப்படி ஒரு நேரம் அவளுக்குக் கிடைத்ததே இல்லை. காப்பி கொடுத்தார்கள், குடித்தாள். மீன் பொரித்துச் சோறு போட்டார்கள், சாப்பிட்டாள். சாளரத்து வழியாகக் கடல்காற்று சுகமாக வந்தது. மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. பாயில் சும்மா சாய்ந்தாள்.

யாரோ தோளைத் தொட்டு அசைத்தார்கள். கண்ணைத் திறந்தால், இடுப்பில் ஒரு கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு சபூரா குனிந்து நின்றாள்.

"எழுந்திருங்கள் மிஸ்ஸி. வலி வந்துவிட்டது" என்றாள்.

நவமணி எழுந்து கையைக் கழுவினாள். மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் இரண்டு கைக்குள்தான் வந்து விழுந்தது, அங்கேதான் முதல் தடவையாக அழுதது. சபூராவுக்கு இரத்தம் அதிகம் போகவில்லை, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். நானூறு குழந்தைகளை வாங்கிய நவமணி மிஸ்ஸி அந்தக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.